புதுக் காரில் குறையா? ஆறு மாதத்திற்குள் வாய் திறப்பது நல்லது

புதுக் கார் வாங்கினால் முதலில் கோயிலுக்குக் கொண்டுபோவது சிங்கப்பூர்த் தமிழர் பலரின் வழக்கம். மாலை, சந்தனம், குங்குமம், நான்கு சக்கரங்களுக்கும் அடியில் எலுமிச்சம்பழம். பூசை முடிந்து, பழங்களை நசுக்கிக்கொண்டு வண்டி நகரும்போது குடும்பத்தாரின் முகத்தில் பூரிப்பு தெரியும். ஆனால், வாங்கிய நாள் முதல் தொல்லை கொடுக்கும் காருக்கும் ஆங்கிலத்தில் 'லெமன்', அதாவது எலுமிச்சம்பழம் என்றுதான் பெயர். சக்கரத்தின் அடியில் வைத்த எலுமிச்சை நசுங்கிவிடும். வாங்கிய காரே எலுமிச்சையாக அமைந்துவிட்டால் என்ன செய்வது?

ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்க்கலாம். கணவன், மனைவி இருவர் சம்பளமும் சேர்ந்து, ஏழாண்டுக் கடனில் ஒரு கார் வருகிறது. இரண்டாம் மாதம் முன்பக்கப் பலகையிலிருந்து 'கடகட' என்று ஒரு சத்தம். மூன்றாம் மாதம் மழைக்குப் பிறகு பின்னிருக்கைக்குக் கீழே ஈரம். பின்கதவு சற்று ஓங்கிச் சாத்தினால்தான் மூடுகிறது. விற்பனையாளரிடம் சொன்னால், "புதுசுல அப்படித்தான் இருக்கும், போகப் போகச் சரியாயிடும்" என்கிறார். 'புதுக் காரைக் குறை சொன்னால் நமக்குத்தான் அவமானம்' என்று குடும்பமும் பேசாமல் இருந்துவிடுகிறது. பலரும் சறுக்கும் இடம் இதுதான்.

சிங்கப்பூரில் கார் என்பது எளிதில் மாற்றிக்கொள்ளும் பொருளன்று. 'சிஓஇ' எனப்படும் வாகன உரிமைச் சான்றிதழ் பத்து ஆண்டுகளுக்குத்தான் செல்லும். 2023 அக்டோபரில் சிறிய கார்களுக்கான சான்றிதழ் மட்டுமே 106,000 வெள்ளியைத் தொட்டது. அவ்வளவு பணம் போட்டவர் பத்தாண்டும் சத்தத்தோடும் ஈரத்தோடும் காலம் தள்ள வேண்டுமா?

எது சின்னக் குறை, எது பெரிய குறை?

காரின் உடல் பல தகடுகளைப் பற்றவைத்துப் பொருத்தப்படுவது. கதவுக்கும் உடலுக்கும் நடுவே உள்ள இடைவெளி சில மில்லிமீட்டர்தான். ஒருபக்கம் குறுகியும் மறுபக்கம் அகன்றும் இருந்தால் கதவைப் பொருத்தியதில் பிழை இருக்கக்கூடும். அந்த இடத்தில் ரப்பர் சரியாகப் படியாது. காற்றும் மழைநீரும் உள்ளே புகும். கூரைக் கண்ணாடி உள்ள கார்களில் நீர் வெளியேறும் சிறுகுழாய் அடைத்துக்கொண்டாலோ கழன்றாலோ தண்ணீர் உள்ளே இறங்கும். தரைவிரிப்பின் அடியில் மின்கம்பிகளும் இணைப்புகளும் ஓடும் கார்கள் உண்டு. ஆகவே ஈரம் பூஞ்சைவாடையோடு நிற்காமல் மின்கோளாறிலும் துருவிலும் போய் முடியலாம். 'கடகட' சத்தம் பெரும்பாலும் பிளாஸ்டிக் கொக்கிகள் தளர்வதால் வருவது. அது ஆபத்தில்லாமல் இருக்கலாம். ஆனால் சக்கரப்பக்கம் வரும் சத்தத்தை அப்படி விட்டுவிடக் கூடாது.

"இதெல்லாம் அழகு சம்பந்தப்பட்டது, சட்டம் கவனிக்காது" என்று சிலர் எண்ணுகிறார்கள். அது சரியல்ல. பொருள் விற்பனைச் சட்டத்தின்படி, விற்கப்படும் பொருள் மனநிறைவு தரும் தரத்தில் இருக்க வேண்டும். அந்தத் தரத்தை எடைபோடும்போது பாதுகாப்பும் நீடித்த உழைப்பும் மட்டுமல்ல, தோற்றம், வேலைப்பாடு, சிறு குறைகள் இல்லாமை ஆகியவையும் கணக்கில் வருகின்றன.

ஆறு மாதக் கணக்கு

2012 செப்டம்பர் 1ஆம் தேதி நடப்புக்கு வந்த 'லெமன் சட்டம்' பயனீட்டாளருக்கு இன்னும் வலுவான துணை. பொருள் கைக்கு வந்த ஆறு மாதத்திற்குள் குறை தெரிந்தால், அது ஒப்படைத்த நாளிலேயே இருந்ததாகக் கருதப்படும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியது விற்றவரின் பொறுப்பு. ஆறு மாதம் கடந்தால் உரிமை போய்விடுவதில்லை; ஆனால் நிரூபிக்கும் சுமை வாங்கியவர் தலையில் விழும். 'போகப் போகச் சரியாயிடும்' என்ற ஆறுதல் வார்த்தைக்குக் காத்திருப்பவர் இழப்பது இந்தப் பாதுகாப்பைத்தான்.

விற்றவர் முதலில் பழுதுபார்த்துத் தரலாம், அல்லது மாற்றித் தரலாம். நியாயமான காலத்திற்குள், வாங்கியவருக்குப் பெரும் தொல்லையில்லாமல் அது நடக்க வேண்டும். முடியாவிட்டால் விலையில் ஒரு பகுதியைத் திரும்பக் கேட்கலாம். அல்லது காரைக் கொடுத்துவிட்டுப் பணத்தைக் கேட்கலாம். ஓட்டிய காலத்திற்கு ஒரு தொகை கழிக்கப்படலாம்.

பழைய கார்களுக்கும் இந்தச் சட்டம் பொருந்தும். ஆனால் வயதுக்கும் விலைக்கும் ஏற்ற தரத்தைத்தான் எதிர்பார்க்க முடியும். தனிமனிதர் ஒருவரிடம் நேரடியாக வாங்கியதற்கு இது பொருந்தாது. வழக்கமான தேய்மானம், தவறாகக் கையாண்டதால் வந்த கேடு, வாங்கும்போதே தெரிந்திருந்த குறை, மனம் மாறியது ஆகியவற்றுக்கும் இடமில்லை.

செய்ய வேண்டியவை

காரைப் பகல் வெளிச்சத்தில் பெற்றுக்கொள்வது முதல் வேலை. விளக்கொளியில் சாயத்தின் குறை கண்ணுக்குப் படாது. கதவுகள் அனைத்தையும் திறந்து மூடிப் பார்க்க வேண்டும்.

குறை தெரிந்தால் வாய்வார்த்தையோடு நிறுத்தாமல் தேதி போட்டு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். சத்தம் எப்போது வருகிறது, எந்த வேகத்தில் வருகிறது என்று குறித்து, கைத்தொலைபேசியில் பதிவு செய்து வைக்கலாம். பட்டறைக்குப் போய்வரும் ஒவ்வொரு முறையும் வேலைச் சீட்டைக் கேட்டு வாங்க வேண்டும். மூன்று சீட்டில் ஒரே குறை இருந்தால் அதுவே நல்ல சாட்சி.

"வெளிப் பட்டறையில் சர்வீஸ் செய்தால் உத்தரவாதம் போய்விடும்" என்ற பயம் பலருக்கு உண்டு. போட்டித்தன்மை ஆணையம் தலையிட்டதன் பேரில், பெரிய கார் விற்பனையாளர்கள் அந்த நிபந்தனையை நீக்கிக்கொண்டதாக 2017 டிசம்பரில் அறிவிக்கப்பட்டது. ஆனாலும் வெளிப் பட்டறையின் வேலையால் வந்த கேட்டுக்கு உத்தரவாதம் பொறுப்பேற்காது.

பேச்சில் தீராவிட்டால் 'கேஸ்' எனும் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தை அணுகலாம். சமரசப் பேச்சுக்கு அது வழிசெய்யும். அடுத்த படி சிறு கோரிக்கை நடுவர் மன்றம். 20,000 வெள்ளி வரையிலும், இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் 30,000 வெள்ளி வரையிலும் அங்கே கேட்கலாம். இரண்டு ஆண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். வழக்கறிஞர் வாதாட முடியாது. வாங்கியவரே தம் கதையைச் சொல்லலாம். அதைவிடப் பெரிய தொகையென்றால் வழக்கறிஞரைக் கலந்துகொள்வது நல்லது. கோபத்தில் கடன் தவணையை நிறுத்துவது மட்டும் கூடாது. கடன் கொடுத்த நிறுவனம் காரையே எடுத்துக்கொள்ளக்கூடும்.

அந்தக் குடும்பத்திற்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. பின்னிருக்கையின் ஈரத்தைப் படம் பிடித்து, இன்றே ஒரு கடிதம் எழுதினால் போதும். கடன் வாங்கி, வியர்வை சிந்தி வாங்கிய பொருளின் குறையைச் சொல்வதில் அவமானம் எதுவும் இல்லை.