ஆளில்லாத நிலத்துக்கு ஏன் இத்தனை நுணுக்கமான வரைபடம்?

அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்து ஹார்னி கவுண்ட்டி சுமார் 26,000 சதுர கி.மீ. பரப்புள்ளது. மக்களோ பத்தாயிரத்துக்கும் குறைவு. உயரமான பாலை, சேஜ் புதர், மாட்டுப் பண்ணைகள். வழி கேட்க ஆளில்லாத ஊரில் வரைபடம்தான் துணை.

அமெரிக்கப் புவியியல் ஆய்வு மையம் 1:24,000 அளவில் வெளியிட்ட பழைய தாள்களில் ஒற்றைக் கிணறு, காற்றாலை, ஊற்றுக்குக்கூட இடமுண்டு. மாடு வளர்ப்பவருக்கு முதலில் தெரியவேண்டியது தண்ணீர் எங்கே என்பதுதானே! சில மாதமே ஓடும் ஓடையை, கோடும் புள்ளியுமாக விட்டுவிட்டு வரைந்த நீலக்கோடு காட்டும்.

மேடுபள்ளத்தை எப்படி அளந்தார்கள்? விமானத்திலிருந்து ஒரே நிலத்தை இரு கோணங்களில் படமெடுத்தார்கள். ஒரு கண்ணுக்கு ஒரு படமாகக் கருவியில் பார்த்தால் நிலம் முப்பரிமாணமாக எழும். அதில் மிதக்கும் ஒளிப்புள்ளியை, உயரம் மாறாமல், தரையைத் தொட்டபடியே நகர்த்தவேண்டும். அது போன தடமே சமவுயரக்கோடு. 2,967 மீட்டர் உயர ஸ்டீன்ஸ் மலையின் கிழக்குச் சரிவில் இக்கோடுகள் நெருக்கியடித்து நிற்கும். கீழே ஆல்வர்ட் பாலையில் கோட்டையே தேடவேண்டும்.

2009 முதல் வரும் புதிய தாள்கள் கணினித் தரவுகளிலிருந்து உருவாகின்றன. அவற்றில் வேலிகள் விடுபட்டன. எனக்கு அது பெரிய இழப்பாகவே படுகிறது. நல்லவேளை, பழைய தாள்களை அம்மையமே ஸ்கேன் செய்து இலவசமாகத் தருகிறது.