25-ஆம் இடத்தில் ஒருவர்

2022 பிப்ரவரி 17 அன்று பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் மகளிர் ஃபிகர் ஸ்கேட்டிங் தங்கத்தை வென்றவர் ரஷ்யாவின் அன்னா ஷெர்பகோவா. மறுநாள் செய்திகளை நிறைத்ததோ கமிலா வலியேவாவின் பெயர். 15 வயது, ஊக்கமருந்துப் புகார், பனியில் விழுந்து எழுந்து நான்காம் இடம். 1994-இல் லில்லேஹாமரிலும் இதே கதைதான். அமெரிக்க வீராங்கனை நான்சி கெரிகன் தாக்கப்பட்டதும் அதையொட்டிச் சக வீராங்கனை டோன்யா ஹார்டிங் மீதான வழக்கும் அமெரிக்கத் தொலைக்காட்சியை ஆட்டிவைத்தன. தங்கம் வாங்கிய 16 வயது உக்ரைன் பெண் ஒக்சானா பையூல், தான் வென்ற போட்டியின் கதையிலேயே துணைப் பாத்திரமானார்.

வழக்கும் மருந்தும் செய்திதான், சந்தேகமில்லை. வலியேவா விவகாரத்தில் தீர்ப்பு வர 2024 ஜனவரி ஆகிவிட்டது. அதுவரை விடாமல் துரத்திய நிருபர்கள் நல்ல வேலையே செய்தார்கள். வழக்கு எதுவும் இல்லாத நாளில் இந்த விளையாட்டைப் பற்றி என்ன எழுதுவது என்று பத்திரிகைகளுக்குத் தெரிவதில்லை என்பதுதான் என் குறை.

தனிநபர் போட்டி இரண்டு கட்டமாக நடக்கிறது. முதலில் ஷார்ட் புரோகிராம், சுமார் 2 நிமிடம் 40 விநாடி. அதில் முதல் 24 இடங்களைப் பிடிப்பவர்களுக்கு மட்டுமே அடுத்த கட்டமான ஃப்ரீ ஸ்கேட். மற்றவர்களின் ஒலிம்பிக் அங்கேயே முடிந்துவிடும். தரவரிசையில் பின்தங்கியவர்கள் பெரும்பாலும் முதலில் இறங்குவதால், பதக்கக்காரர்களுக்காகக் காத்திருக்கும் கேமராக்களும் நிருபர்களும் இவர்களைத் தவறவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், பதக்கத்துக்கான போட்டியைவிட 24-ஆம் இடத்துக்கான போட்டியில்தான் நெஞ்சு அதிகம் படபடக்கும்.

மலேசியாவின் ஜூலியன் யீயைப் பாருங்கள். சிலாங்கூரின் சன்வே பிரமிட் வணிக வளாகத்தில் சறுக்கக் கற்றவர். 2017-இல் ஜெர்மனியின் நெபல்ஹார்ன் கோப்பைப் போட்டி வழியாக ஒலிம்பிக் இடத்தைப் பெற்றார். 2018-இல் பியோங்சாங்கில் அவருக்குக் கிடைத்தது 25-ஆம் இடம். ஒரே ஓர் இடம் முன்னால் வந்திருந்தால் ஃப்ரீ ஸ்கேட்டில் ஆடியிருப்பார்.

நான்கு ஆண்டு கழித்து மெக்சிகோவின் டோனோவன் காரியோ அந்தக் கோட்டைத் தாண்டினார். சிறுவயதில் பழகிய பனித்தளம் மூடப்பட்டதால் பயிற்சியாளருடன் லியோன் நகருக்குக் குடிபெயர்ந்தவர். அங்கும் ஒரு வணிக வளாகத்தின் தளம்தான். பொழுதுபோக்க வந்தவர்களுக்கு நடுவே பயிற்சி. பெய்ஜிங்கில் சந்தானாவின் இசைக்கு ஆடி, ஷார்ட் புரோகிராமில் 19-ஆம் இடம் பிடித்தார். ஒலிம்பிக்கில் ஃப்ரீ ஸ்கேட் வரை வந்த முதல் மெக்சிகோ வீரர் அவர்.

இவர்களைப் பற்றி எழுதும்போது இன்னொரு பள்ளம் இருக்கிறது: பரிதாபக் கதை. 2014 சோச்சியில் ஆடிய பிலிப்பைன்ஸின் மைக்கேல் கிறிஸ்டியன் மார்ட்டினெஸைப் பற்றி வந்தவற்றில் ஆஸ்துமா உண்டு, பனி பெய்யாத நாடு உண்டு, அடமானம் வைத்த வீடு உண்டு. ஆண்களில் மிகச் சிலரே செய்யும் பீல்மன் சுழற்சியை, ஒரு காலைப் பின்னாலிருந்து தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு அவர் சுழன்றதை, எத்தனை பேர் எழுதினார்கள்? 19-ஆம் இடம் வந்தவரின் ஆட்டத்தையும் ஆட்டமாகப் பார்க்க வேண்டாமா?

பார்க்கக் கஷ்டம், மதிப்பெண் முறை புரியாது என்பது வழக்கமான சாக்கு. 2002 சால்ட் லேக் சிட்டி தீர்ப்பு ஊழலுக்குப் பிறகு பழைய 6.0 முறை போய்ப் புதிய முறை வந்தது. ஒவ்வொரு தாவலுக்கும் ஓர் அடிப்படை மதிப்பு. அதைச் செய்த தரத்தைப் பார்த்து நடுவர்கள் −5 முதல் +5 வரை தருகிறார்கள். ஒரு படி என்பது அடிப்படை மதிப்பில் பத்து சதவீதம். நான்கு சுழற்சி லட்ஸ் தாவலின் மதிப்பு 11.50. முழுதாகச் சுழன்று விழுந்தால் பாதி போய் 5.75, விழுந்ததற்கு 1 புள்ளி கழித்து 4.75. பிசகில்லாத இரட்டை ஆக்ஸலின் அடிப்படை மதிப்பே 3.30தான். விழுந்தவர் எப்படி முன்னால் வந்தார் என்ற கேள்விக்கு விடை இவ்வளவே.

கனடாவில் நடந்த 2013 உலகப் போட்டியில் ஃப்ரீ ஸ்கேட்டில் முதலிடம் கஜகஸ்தானின் டெனிஸ் டென்னுக்கு. தங்கமோ விழுந்து எழுந்த கனடாவின் பேட்ரிக் சானுக்கு, மொத்தத்தில் 1.30 புள்ளி வித்தியாசத்தில். ஷார்ட் புரோகிராமில் சான் ஏறக்குறைய 7 புள்ளி முன்னணி எடுத்திருந்தார் என்று ஒரு வரி சேர்த்திருந்தால், சொந்த மண்ணில் சலுகை காட்டினார்கள் என்ற முணுமுணுப்புக்குப் பாதி பதில் கிடைத்திருக்கும்.

ஒவ்வொரு நடுவரும் ஒவ்வொரு தாவலுக்கும் என்ன கொடுத்தார் என்ற தாளைச் சர்வதேச ஸ்கேட்டிங் சங்கம் போட்டி முடிந்ததும் இணையத்தில் போட்டுவிடுகிறது. சுழற்சி குறைந்ததா, தவறான விளிம்பில் எழும்பினாரா என்பதற்கெல்லாம் அதில் குறி உண்டு. கடைசி இடத்தில் வந்தவருக்கும் அதே விவரம் உண்டு. ஜூனியர் கிராண்ட் பிரீ போட்டிகளை அந்தச் சங்கத்தின் யூடியூப் தளத்தில் இலவசமாகவே பார்க்கலாம். நாளைய காரியோக்கள் பலர் அங்கேதான் ஆடுகிறார்கள். ஒலிம்பிக்குக்கு முன்னோட்டம் எழுதுபவர், பதக்கம் யாருக்கு என்ற பத்தியோடு, 24-ஆம் இடத்தையொட்டி யார் யார் மோதுகிறார்கள் என்று இன்னொரு பத்தி சேர்க்க வேறென்ன வேண்டும்?