பெரியோர் வாக்கும் ருஜுவும்

ஒரு கூற்றின் உண்மையைச் சொன்னவரின் பெருமையைக் கொண்டு நிர்ணயிப்பது மனிதர்க்கு எளிதில் படியும் வழக்கம். அவ்வழக்கம் எங்கே கொண்டு விடும் என்பதை 4,29,49,67,297 என்னும் ஓர் எண்ணின் வரலாறு நன்கு விளக்குகின்றது.

இரண்டில் தொடங்கி, வருகின்ற எண்ணை அதே எண்ணால் பெருக்கிக்கொண்டு சென்றால் 2, 4, 16, 256, 65,536 என வரும். ஒவ்வொன்றுடனும் ஒன்றைக் கூட்டினால் 3, 5, 17, 257, 65,537 ஆகும். இவ்வைந்தும் பகா எண்கள். அதாவது, ஒன்றும் தானும் தவிர வேறெந்த முழு எண்ணாலும் மீதியின்றி வகுபடாதவை. பிரெஞ்சு தேசத்துத் தூலூஸ் நகரில் நியாயாதிபதியாயிருந்த பெர்மா, கணித சாஸ்திரத்திலும் இணையற்ற மேதை. இவ்வரிசை எவ்வளவு நீண்டாலும் பகா எண்களே கிடைக்கும் எனத் தாம் நம்புவதாக 1640-ல் அவர் எழுதினார். தம்மிடம் ருஜு இல்லை என்பதையும் அப்போது அவர் மறைக்கவில்லை.

வரிசையின் ஆறாவது எண்ணே மேலே குறித்தது. கண்டபடி வகுத்துப் பார்க்கப் புகுந்தால், 65,536-க்கு உட்பட்ட 6,542 பகா எண்களையும் எடுத்துக்கொள்ள நேரிடும். யார் அத்தனை பாடுபடுவர்? 1729 டிசம்பரில் கோல்ட்பாக் என்னும் அறிஞர், பெர்மாவின் கூற்றைக் குறிப்பிட்டு, ருஷ்ய தேசத்துப் பீட்டர்ஸ்பர்க்கிலிருந்த ஆய்லருக்குக் கடிதம் எழுதினார். ஆய்லருக்கு அப்போது வயது 22. அவ்வெண் 641-ஆல் வகுபடுகின்றது என்று 1732-ல் அவர் அறிவித்தார். தொண்ணூற்றிரண்டு ஆண்டு நின்ற நம்பிக்கை ஒரு சிறு எண்ணின்முன் வீழ்ந்தது.

இது குருட்டு அதிர்ஷ்டமன்று. இவ்வெண்ணை வகுக்கக்கூடிய பகா எண் எதுவாயினும், அதை 64-ஆல் வகுத்தால் மீதி ஒன்றாகவே இருக்கவேண்டும் என்பதை ஆய்லர் பின்னர் நிரூபித்தார். அவ்விதமான பகா எண்கள் 193, 257, 449, 577, 641 என வரும். ஆயிரக்கணக்கான சோதனைகள் வேண்டிய இடத்தில் ஐந்தே போதும்! சிந்தனை உழைப்பைக் குறைக்கும் விதம் இது.

பின்வந்த கணக்கு இன்னும் கடுமையானது. ஆறாவது முதல் முப்பத்துமூன்றாவது வரையுள்ள 28 எண்களும் பகுபடுவனவே என்று இன்று தெளிவாகியிருக்கிறது. முதல் ஐந்துக்கு அப்பால் ஒரு பகா எண்ணேனும் இதுவரை அகப்படவில்லை. ஆயினும் பெர்மாவின் வரிசை வீண்போகவில்லை. பதினேழு சம பக்கங்களும் சம கோணங்களும் உள்ள உருவத்தை அளவுகோலும் கவராயமும் மட்டும் கொண்டு வரையலாம் என்று 1796-ல் காஸ் என்ற ஜெர்மானிய இளைஞர் கண்டது, இவ்வெண்களின் வழியாகவே.

ஐந்து முறை பலித்த சொல் ஆறாம் முறை பொய்த்தது. பல உதாரணங்கள் சேர்ந்தாலும் ஒரு ருஜு ஆகா. ஒரு பெரும்பெயரும் ஆகாது. மேடையில் ஒரு பெயரைச் சொல்லி வாதத்தை முடித்துவிட விரும்புவோர் இதை மனத்தில் வைத்தல் நலம். 641-ஐ ஏற்பதற்கு ஆய்லரின் பெயர்கூட வேண்டியதில்லை. அதை 67,00,417-ஆல் பெருக்குக. வாசகர் கையே தீர்ப்பளிக்கும்.