சாம்பல் வைத்துப்போன கல்வெட்டு

திருமுக்கூடலில் பாலாறும் செய்யாறும் வேகவதியும் சேரும் இடத்தில் ஒரு கைப்பிடி மணலை அள்ளுங்கள். இதுக்கு என்ன வயசு? போன வெள்ளத்தில் வந்து படிந்ததாக இருக்கலாம். ஆனால் வேலூர்ப் பக்கத்தில் பாலாறு அரித்து வரும் பாறைகளுக்கு ஏறத்தாழ 250 கோடி வயது. மணல்துகளைச் சோதித்தால் தாய்ப்பாறையின் வயது தெரியும். துகள் இங்கே எப்போது படிந்தது என்பது தெரியாது.

மணற்கல்லில் இந்தச் சிக்கல்தான் ஒரு பெரிய சண்டையைக் கிளப்பியது. மத்தியப் பிரதேசத்தின் சோன் பள்ளத்தாக்கில், நிலம் பிளந்து தாழ்ந்து உருவானதாகப் பலர் கருதும் விந்தியப் படுகையில், சோர்ஹட் மணற்கல் இருக்கிறது. 1998இல் சைலாக்கர் குழுவினர் அதில் புழு போன்ற விலங்குகள் துளைத்த தடங்களைக் கண்டதாக எழுதினார்கள். வயது 100 கோடிக்கு மேல் என்றார்கள். விலங்குகளின் உறுதியான தடயங்களோ 60 கோடி ஆண்டுக்கு உட்பட்டவை! அதே ஆண்டில் ரஃபத் அஸ்மி, அதே படுகையின் சுண்ணாம்புக்கல்லில் சுமார் 54 கோடி ஆண்டு மதிக்கத்தக்க சிறு ஓட்டுப் புதைபடிவங்கள் கிடைத்ததாகச் சொன்னார். எதை நம்புவது?

திருமுக்கூடல் கோயில் சுவரில், 15 படுக்கைகள் கொண்ட ஆதுலசாலையைப் பற்றிய வீரராஜேந்திர சோழனின் கல்வெட்டு இருக்கிறது. அதில் ஆட்சியாண்டு இருப்பதால்தான் காலம் நமக்குத் தெரிகிறது. சோர்ஹட் மணற்கல்லுக்கும் அப்படி ஒன்று கிடைத்தது. அதன் கீழே போர்சலனைட் அடுக்குகள் உண்டு. பீங்கான் மாதிரி வழவழப்பாக இருப்பதால் அந்தப் பெயர். உண்மையில் அது எரிமலைச் சாம்பல் படிந்து இறுகிய கல்.

சாம்பலில் சிர்க்கான் என்ற நுண்படிகம் இருக்கும். உருவாகும்போது அது யுரேனியத்தை ஏற்கும், ஈயத்தை ஏறக்குறைய அடியோடு ஒதுக்கிவிடும். பிறகு யுரேனியம் மெல்ல ஈயமாக மாறும். பாதி மாற 447 கோடி ஆண்டு. இரண்டின் விகிதமே கடிகாரம். எரிமலைக் குழம்பில் விளைந்த படிகம் வெடிப்போடு வந்து படிவதால், அதன் வயதுதான் அடுக்கின் வயது. ஆற்றுமணலின் குழப்பம் இங்கே இல்லை.

2002இல் இரண்டு குழுக்கள் தனித்தனியாக அளந்தன. இரண்டுக்கும் கிடைத்த விடை, ஏறத்தாழ 163 கோடி ஆண்டு.

அவ்வளவு பழமை என்றதும் புழுக்கதைமேல் சந்தேகம் கூடியது. நுண்ணுயிர்ப் படலம் சுருங்கிய தடமாக இருக்கலாம் என்ற வாதம் வலுத்தது. அஸ்மியின் கணக்கும் தப்பிப்போனது. ஆனால் புதைபடிவங்கள் பொய்யில்லை. சித்திரகூடத்தில் கிடைத்த, சுமார் 160 கோடி ஆண்டுப் பழமையான, சிவப்புப் பாசியாக இருக்கலாம் என்று கருதப்படும் ஓர் உயிருக்கு 2017இல் 'ரஃபதாஸ்மியா' என்று அவர் பெயரையே வைத்தார்கள். வயதில் தவறியவர், கண்ணில் தவறவில்லை.