குறட்டை நிற்கும் அந்த நொடி

பக்கவாதம் வந்தவரைப் பார்க்கப் போகிறவர்கள் கையையும் காலையும்தான் விசாரிக்கிறார்கள். விரல் அசைகிறதா, காலை ஊன்ற முடிகிறதா, பேச்சு தெளிகிறதா? இரவில் எப்படி மூச்சு விடுகிறார் என்று யாரும் கேட்பதில்லை. பக்கவாதம் வந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்குத் தூக்கத்தில் மூச்சு தடைபடுகிறது என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்லியும் இந்த நிலை மாறவில்லை.

பக்கத்தில் படுப்பவருக்குத்தான் இது தெரியும். உரத்த குறட்டை திடீரென்று நிற்கும். அப்பாடா, அசந்து தூங்குகிறார் என்று நாம் நினைக்கும் அந்த நேரத்தில் தொண்டை மூடி, மூச்சே நின்றிருக்கும். 10 நொடி, 20 நொடி, சில சமயம் அதற்கும் மேல். பிறகு உடம்பு ஒருமுறை உலுக்கிப்போட்டு மூச்சு திரும்பும். மூச்சு நிற்பதும் குறைவதுமாக மணிக்கு 30 முறை நடந்தால் அது கடுமையான நோய். ஒவ்வொரு முறையும் ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கும். ரத்த அழுத்தம் எகிறும். பகலில் பிசியோதெரபிஸ்ட் பழக்கிய அசைவை மூளை பதியவைத்துக்கொள்வதும் தூக்கத்தில்தான். அந்தத் தூக்கம்தான் இங்கே துண்டு துண்டாகிறது. குண்டானவர்களுக்குத்தான் இது வரும், பகலில் தூங்கி வழிவார்கள் என்ற கணக்கும் பக்கவாத நோயாளிகளிடம் பல சமயம் பொய்த்துப்போகிறது.

1980 வரை இந்த மூச்சுத் தடைக்கு உறுதியான சிகிச்சை தொண்டையில் துளையிடுவதுதான். அந்த ஆண்டு சிட்னியில் டாக்டர் காலின் சல்லிவன், வாக்குவம் கிளீனர் மோட்டாரைக் கொண்டு மூக்கு வழியே காற்றை மெல்லிய அழுத்தத்தில் செலுத்திப் பார்த்தார். மூடிக்கொள்ளும் தொண்டையைக் காற்றே திறந்து வைத்தது. இன்று ‘சிபாப்’ என்று நாம் சொல்லும் கருவி அங்கிருந்து வந்ததுதான்.

கனடாவின் டொராண்டோவில், மறுவாழ்வு சிகிச்சையில் இருந்த பக்கவாத நோயாளிகளுக்கு 4 வாரம் இந்தக் கருவியைப் பொருத்திப் பார்த்தார்கள். 2011-ல் வெளியான முடிவின்படி, உடல் இயக்கத்திலும் அன்றாட வேலைகளைச் செய்வதிலும் அவர்கள் கூடுதலாகத் தேறினார்கள், மனச்சோர்வும் குறைந்தது. ஆனால் நடக்கும் தூரம் கூடவில்லை.

இது சின்ன ஆய்வு. இந்தியா உட்பட 7 நாடுகளில் நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2016-ல் வந்தபோது, மாரடைப்பையோ பக்கவாதத்தையோ சிபாப் குறைத்ததாகத் தெரியவில்லை. ஆனால் அதில் சிபாப் தரப்பட்டவர்கள் இரவில் சராசரியாக 3.3 மணி நேரமே அதன் மாஸ்க்கை அணிந்திருந்தார்கள். குறைந்தது 4 மணி நேரமாவது வேண்டும் என்பது மருத்துவர்களின் பொதுவான அளவுகோல்.

என் பார்வையில் சிக்கல் முழுக்க இங்கேதான் இருக்கிறது. ஒரு கையை மடியில் வைத்துக்கொண்டு, மற்றொரு கையால் மட்டும் மாஸ்க்கின் பட்டையைப் பின்தலையில் மாட்டிப் பாருங்கள், புரியும். முகம் ஒரு பக்கம் தொங்கினால் வாயோரம் காற்று கசியும். பேச்சு போனவரால் ‘மூக்கு வறள்கிறது, அழுத்துகிறது’ என்று சொல்லவும் முடியாது. அவர்தான் ஒத்துழைக்கவில்லை என்று எழுதிவிடுகிறோம். மாஸ்க்கின் அளவை மாற்றலாம், காற்றில் ஈரம் சேர்க்கலாம், பகலில் சிறிது நேரம் போட்டுப் பழக்கலாம். மாட்டிவிட இன்னொரு கை வேண்டும், அவ்வளவுதான். விழுங்கச் சிரமமோ வாந்தியோ இருப்பவருக்கு மட்டும் மருத்துவர் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும்.

உங்கள் வீட்டில் ஒருவர் பக்கவாதத்திலிருந்து தேறிவருகிறார் என்றால், இன்றிரவு அரை மணி நேரம் அவர் பக்கத்தில் விழித்திருங்கள். குறட்டை நிற்பதைச் செல்போனில் வீடியோ எடுங்கள். அடுத்த முறை மருத்துவரிடம் அதைக் காட்டி, தூக்கப் பரிசோதனை வேண்டுமா என்று கேளுங்கள்.