பழைய கணிப்பொறிக்குப் புதிய செயலி

வண்டியின் சக்கரம் தேய்ந்தால் சக்கரத்தை மாற்றுவரேயன்றி வண்டியை விறகாக்குவார் இலர். கணிப்பொறிக்கும் இது பொருந்தும். அதன் தலையாய உறுப்பாகிய செயலியை மட்டும் மாற்றிப் பழைய பொறிக்குப் புதிய விரைவை ஊட்டலாம். ஆனால், எந்தச் செயலி எந்தப் பொறிக்கு ஏற்றது என்பதை ஆராய்ந்த பின்னரே இதில் இறங்குதல் வேண்டும்.

செயலி, கணிப்பொறியின் மூளை போன்றது. சிறிய சிலிக்கான் சில்லு ஒன்றில் எண்ணற்ற டிரான்சிஸ்டர்களை அடக்கி அதனைச் செய்கின்றனர். இண்டெல் நிறுவனம் 1989-ஆம் ஆண்டில் வெளியிட்ட 486 என்னும் செயலியில் ஏறத்தாழ 12 இலட்சம் டிரான்சிஸ்டர்கள் இருந்தன. செயலியின் பணிகள் யாவும் ஒரு கடிகாரத் துடிப்பிற்கு இயைய நடைபெறும். நொடிக்குப் பத்து இலட்சம் துடிப்பு ஒரு மெகாஹெர்ட்சு எனப்படும்.

1992-ஆம் ஆண்டில் அந்நிறுவனம் 486 டிஎக்ஸ்2 என்னும் செயலியை வெளியிட்டது. தாய்ப்பலகை 33 மெகாஹெர்ட்சில் இயங்க, இச்செயலி தன்னுள்ளே 66 மெகாஹெர்ட்சில் இயங்கியது. பழைய பொறி வைத்திருந்தோர் வாங்கிப் பொருத்திக்கொள்ளுமாறு, இம்முறையில் அமைந்த செயலிகள் ஓவர்டிரைவ் என்னும் பெயரால் விற்கப்பட்டன.

துடிப்பு இருமடங்காயிற்று, வேலையும் இருமடங்கு விரைந்ததோ எனின், எப்போதும் விரையவில்லை. கிணற்றிலிருந்து இருமடங்கு நீர் இறைத்தாலும், வாய்க்கால் குறுகியதாயின் வயலுக்கு அந்நீர் முழுவதும் சென்று சேராதன்றோ? அதுபோலச் செயலி விரைந்தாலும், நினைவகமும் வட்டும் பழைய விரைவிலேயே செய்திகளைக் கொடுத்தன. தன்னுள்ளே இருந்த 8 கிலோபைட்டு அளவுள்ள சிறு நினைவகத்தில் வேண்டியவை கிடைத்தபோது செயலி முழு விரைவுடன் உழைத்தது, கிடைக்காதபோது காத்திருந்தது. ஆகவே, கணக்கீடு மிகுந்த வேலைகள் பெரிதும் பயன் பெற்றன. வட்டை நாடிய வேலைகள் சிறிதே பயன் பெற்றன. இன்றும் இவ்வுண்மை மாறவில்லை. நினைவகம் போதாமல் தடுமாறும் பொறிக்கு நினைவகத்தைப் பெருக்குவதே மருந்து.

செயலியே தடை என்று தெளிந்தபின், மூன்று வகைப் பொருத்தம் பார்த்தல் வேண்டும். முதலாவது வடிவப் பொருத்தம். செயலியும், தாய்ப்பலகையில் அதனை ஏற்கும் சாக்கெட்டும் ஒன்றற்கொன்று ஏற்றனவாய் அமைதல் வேண்டும். இரண்டாவது மின்னழுத்தப் பொருத்தம். முந்திய 486 செயலிகள் 5 வோல்ட்டில் இயங்கின. 1994-இல் வந்த டிஎக்ஸ்4 செயலிக்கோ 3.3 வோல்ட்டே ஏற்றது. அழுத்தத்தைக் குறைக்கும் அமைப்பின்றி அதனைப் பழைய பலகையில் பொருத்தினால் செயலி கெட்டுவிடும்.

மூன்றாவது, பயாஸ் எனப்படும் தொடக்க நிரலின் பொருத்தம். ஏஎம்டி நிறுவனம் 2016-இல் ஏஎம்4 என்னும் சாக்கெட்டைக் கொண்டுவந்தது. 2017-இல் அதற்கென வந்த ரைசன் செயலிகளில் எட்டு உட்கருக்கள் வரை இருந்தன. 2019-இல் 16 உட்கருக்களையுடைய செயலியும் அதே சாக்கெட்டிற்கு வந்தது. ஆயினும், பலகையிலுள்ள நிரல் புதிய செயலியை அறியாவிடின் பொறி விழித்தெழாது. ஆதலின், பல பலகைகளில் பழைய செயலி இருக்கும்போதே நிரலைப் புதுப்பித்தல் வேண்டும்.

பொருத்தும் முறையும் கவனத்திற்குரியது. மின்னிணைப்பை நீக்கி, உடலிலுள்ள நிலைமின்னைப் போக்கிக்கொள்ள வேண்டும். வெப்பத்தை வாங்கும் உலோகத் தொகுதியை விசிறியுடன் மெல்லத் திருப்பி எடுத்தல் நன்று. வெடுக்கென இழுத்தால், இறுகிய பசையோடு செயலியும் பெயர்ந்து ஊசிகள் வளையக்கூடும். பின்னர் நெம்புகோலை உயர்த்திப் பழைய செயலியை எடுத்து, மூலைக்குறி பார்த்துப் புதியதை வைக்க வேண்டும். அது தானே இறங்கி அமரும், அழுத்துதல் கூடாது. நெம்புகோலைத் தாழ்த்திய பின், வெப்பங்கடத்தும் பசையைச் சிறிதளவு இட்டு, உலோகத் தொகுதியை மீண்டும் பொருத்த வேண்டும்.

'ஆழமறியாமல் காலை விடாதே' என்பது பழமொழி. பொருத்தம் பாராது வாங்கிய செயலி, எத்துணை விரைவுடையதாயினும் வீண் செலவே. பொருத்தம் அறிந்து மாற்றினால் பணம் மிஞ்சும். பயனுள்ள பொறியொன்று குப்பையாவதும் தவிர்க்கப்படும். ஓர் உறுப்பின் ஆற்றல் பிற உறுப்புகளின் ஒத்துழைப்பாலேயே பயன் தரும் என்பதைப் பழைய கணிப்பொறியும் உணர்த்துகின்றது.