மணலை இறுக்குவது பாரம் மட்டுமா?

திண்டிவனத்துக் கருங்கல் பூமியிலிருந்து ஓமந்தூர் வழியாக வானூர்ப் பக்கம் வந்தால், மண்ணுக்கடியில் மணற்பாறை தொடங்கிவிடுகிறது. கிரிடேசியஸ் காலத்தில் கடலோரமாகப் படிந்த இந்தப் பாறைக்குப் புவியியலாளர்கள் வானூர் மணற்பாறை என்றே பெயரிட்டிருக்கிறார்கள். சில இடங்களில் சுண்ணாம்பு சேர்ந்து கெட்டிப்பட்டிருந்தாலும், துகள்களுக்கிடையே தண்ணீர் தேங்க இடமுண்டு. போர்வெல்கள் அதை நம்பித்தான் ஓடுகின்றன. அதே கிரிடேசியஸ் காலத்தைச் சேர்ந்த இன்னொரு மணல், தெற்கே காவிரிப் படுகையில் கிலோமீட்டர்க் கணக்கான ஆழத்தில் புவனகிரிப் படிவமாகப் புதைந்து கிடக்கிறது. ஆழத்தில் மணல் இறுகுவதற்கு மேலே ஏறிய பாரமே காரணம் என்று சொல்லிவிடுவது வழக்கம். அது பாதிக் கதைதான். மீதியை நடத்துவது சூடு.

புதிதாகப் படிந்த மணலில் சுமார் 40 சதவீதம் வெற்றிடம். பாரம் ஏற ஏறத் துகள்கள் நகர்ந்து நெருங்கும், மெத்தென்றவை நசுங்கும். குவார்ட்ஸ் துகள் அப்படி எளிதில் மசியாது. ஒரு கட்டத்துக்குமேல் பாரத்தால் மட்டும் பெரிதாக எதுவும் ஆவதில்லை. ஆனால் ஆழம் ஒரு கிலோமீட்டர் கூடினால் வெப்பம் 25 முதல் 30 டிகிரி வரை கூடுகிறது. 70, 80 டிகிரியை எட்டியதும் துகள்கள் ஒன்றையொன்று தொடும் இடங்களில் சிலிக்கா கரைந்து, பக்கத்திலுள்ள காலி முகங்களில் புதுக் குவார்ட்ஸாகப் படிகிறது. நுண்ணோக்கியில் பார்த்தால் பழையதும் புதியதும் ஒரே படிகம்போலத் தெரியும். நடுவே மெல்லிய தூசிக்கோடு இருந்தால்தான் எல்லை எதுவென்று பிடிபடும். துளைகளைவிட அவற்றை இணைக்கும் குறுகல் வழிகளே முதலில் அடைபடும் என்பதால், வெற்றிடம் கொஞ்சம் குறைந்தாலே எண்ணெயோ நீரோ ஊடுருவும் வேகம் பல மடங்கு விழுந்துவிடுகிறது. பாறை விறைப்பாகிவிடுவதால் ஒலியலை மட்டும் முன்னிலும் விரைவாகப் பாய்கிறது.

சூடே இல்லாமல் திருவக்கரையில் மரம் கல்லாகவில்லையா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சுமார் 2 கோடி ஆண்டுப் பழமையான அந்த மரங்களில் நிலத்தடி நீர் கொண்டுவந்த சிலிக்காதான் படிந்தது. அதற்கு ஆழமும் தேவைப்படவில்லை. ஆனால் அவற்றைப் பொதிந்திருக்கும் கடலூர் மணற்பாறையைப் பாருங்கள், பல இடங்களில் விரலால் தேய்த்தாலே உதிர்கிறது. மரத்துக்குள் நடந்தது பாறை முழுக்க நடக்கவில்லை.

அப்படியானால் அழுத்தம் ஒரு பொருட்டில்லையா? பொருட்டுதான். ஆனால் கணக்கில் வருவது மேற்பாரம் முழுவதும் அல்ல. அதில் துளைநீர் தாங்கும் பங்கைக் கழித்து மிஞ்சுவதே. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி வெட்டுவதற்காக அடியிலுள்ள ஆர்ட்டீசியன் நீரை இறைத்து அதன் அழுத்தத்தைக் குறைக்கிறார்கள். அப்போது மேற்பாரம் ஒரு பிடி மண்கூடக் கூடாமலே, துகள்கள் சுமக்கும் பங்கு கூடிவிடுகிறது. நீரழுத்தம் திரும்பினால் மணல் பெரும்பாலும் மீளும்; இடையிலுள்ள களிமண் அடுக்கு அந்த அளவுக்கு மீளாது.